பொருள்: மறு: ‘டைவர்ஷன்’ – திசைதிருப்பல் வேண்டாம், மடைமாற்று எப்படி?

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘டைவர்ஷன்’ என்ற குற்றவியல் சொல்லுக்குத் தமிழில் ‘மடைமாற்று’ என்று வைக்கலாமா என்று போன கிழமை நான் கேட்டதற்கு வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். தனித்தனியே மறுமொழி எழுத நேரம் வாய்க்கவில்லை, முதலாம் வருட விடைத்தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. சொல்லப்போனால் இந்தக் கேள்வியே ஒரு விடைத்தாளில் இருந்துதான் கிளம்பியது.

குற்றவியல் நீதி அறிமுகப் பாடத்தில் ‘டைவர்ஷன்’ என்பதற்கு இதுவரை ‘திசைதிருப்பல்’ என்று குறிப்புக் கொடுத்துவந்தேன். “திசைதிருப்பலை விளக்கி இரண்டு உதாரணம் தருக” என்ற கேள்விக்கு ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். சந்தேகநபர் பொய்த் தகவல் சொல்லிப் பொலிசாரை வேறு பக்கம் இழுப்பது, தடயத்தை மறைப்பது என்று. நல்ல தமிழ், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. பேப்பரில் ‘விசாரணையைத் திசைதிருப்ப முயற்சி’ என்று வாசித்து வளர்ந்த பிள்ளை வேறு எதை எழுதும்? பிழை என்னுடையது. பாதிப் புள்ளி போட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: சிறு குற்றம் செய்த ஒருவரை, குறிப்பாகச் சிறுவரை, முறையான விசாரணைக்குக் கொண்டுபோகாமல், ஆற்றுப்படுத்தல், நட்டஈடு, சமரசம் என்று வேறொரு வழியில் விடுவதுதான் இது. சிறுவர் நீதி பற்றிய ஐ.நா.வின் 1985ஆம் ஆண்டு பெய்ஜிங் விதிகளில் இதற்கென்றே 11ஆம் விதி இருக்கிறது. இலங்கையில் நமக்கும் இது புதிதல்ல. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, அதன் அட்டவணையில் உள்ள சில சிறு குற்றங்கள் முதலில் சபைக்குத்தான் போகவேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம். 1958இல் வந்த பழைய இணக்கசபையின் பெயரையே இதற்கும் சொல்கிற முதியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பொருள் ஊரில் இருக்கிறது, பொதுச்சொல்தான் இல்லை.

‘மடைமாற்று’ எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். படத்திலிருந்து. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜோன்சன் அமைத்த குற்றவியல் ஆணைக்குழு 1967இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரைபடம் உண்டு. அறிமுகப் பாடநூல்கள் அதை இன்றைக்கும் விதம்விதமாக வரைந்து போடுகின்றன. இடப்பக்கம் குற்றம், பிறகு பொலிஸ், வழக்குத்தொடுநர், நீதிமன்றம், வலக்கோடியில் சிறை. கோட்டின் தடிப்பு ஏறக்குறைய வழக்குகளின் அளவைக் காட்டும். இடப்பக்கம் தடிப்பாகத் தொடங்கிய கோடு, போகப்போகக் கிளை பிரிந்து மெலிந்து நூலாகிவிடும்.

இதைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் வெங்காயத் தோட்டம் ஞாபகம் வந்தது. அப்பா கிணற்றடியில் மிசினோடு நிற்பார். நான் மண்வெட்டியோடு வாய்க்கால் வரம்பில். ஒரு பாத்தி நிரம்பி வருகையில் “தண்ணி மாறு!” என்று சத்தம் வரும். ஒரு வெட்டு மண்ணை அள்ளி இந்தப் பாத்தியின் வாயில் வைத்து மிதித்துவிட்டு, அடுத்த பாத்தியின் வாயை வெட்டித் திறக்கவேண்டும். பிந்தினால் வரம்பு உடைத்துக்கொள்ளும், ஏச்சும் விழும். ‘டைவர்ஷன்’ என்பது இவ்வளவுதான். தண்ணீர் அதே தண்ணீர், வாய்க்காலும் அதே வாய்க்கால். வழக்கு எந்த இடத்தில், எந்தக் கையால் திரும்புகிறது என்பதுதான் கேள்வி.

இனி உங்கள் மறுப்புகள்.

> மடைமாற்றம் என்றால் எங்கள் நாளிதழ்களில் நிதி முறைகேடு. ‘மாற்றுவழி’ என்று எளிமையாக விடலாமே?

சென்னை நண்பரே, முதற்பாதி நியாயமான அடி. நிதியை மடைமாற்றினார்கள் என்ற செய்தி இங்கும் வாசிக்கக் கிடைக்கிறது. ‘மாற்றம்’ இல்லை, ‘மாற்று’ என்று நான் விகுதியைக் காட்டித் தப்பப் பார்த்தால் அது மெலிந்த வாதம். ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே இரண்டு முகம் உண்டு. எதை மாற்றுகிறோம் என்பதை முன்சொல் காட்டிவிடும்: நிதி மடைமாற்றம், வழக்கு மடைமாற்று. ‘மாற்றுவழி’ எனக்குச் சரிவராது. சிறைக்குப் பதிலாகத் தருகிற தண்டனைகளைச் சொல்ல அந்தச் சொல் தேவைப்படுகிறது. அதோடு அதை வினையாக்க முடியாது. ‘பொலிசார் வழக்கை மடைமாற்றினர்’ என்று எழுதிவிடலாம். ‘மாற்றுவழித்தனர்’ என்றால் தமிழே கோபிக்கும்.

இடையில் ஒன்று. உங்கள் மடலில் ‘உயர் நீதிமன்றம்’ என்று வந்த இடத்தில் என் மாணவர்கள் தடுக்கி விழுந்தார்கள். இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் உச்சியிலுள்ள நீதிமன்றம். உங்கள் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரான ‘ஹைகோர்ட்’ என்பதை உடையதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்போம். இரண்டு கரைக்கும் ஒரே சொற்பட்டியல் போடக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்தக் கல்லைத் தாண்டவேண்டும்.

> ‘நன்னடத்தை’ என்ற சொல் திணைக்களத்திலேயே பழகியது. அதை ஒட்டி ஒன்று செய்தால் என்ன?

ஐயா, நன்னடத்தை, அதாவது ஆங்கிலத்தில் ‘புரொபேஷன்’, தண்டனைப் பக்கத்துச் சொல். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், குற்றம் நிரூபணமான பிறகு, சிறைக்குப் பதிலாக மேற்பார்வையில் விடுவது. மடைமாற்று அதற்கு முன்னரே நடந்துவிடவேண்டும். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் கொடுத்தால் பிள்ளைகள் படத்தில் இடம்மாறி நிற்பார்கள். இன்னொரு குறை எனக்கு மட்டும் படுகிறதோ தெரியாது: ஆங்கில மூலச்சொல் ‘சோதித்துப் பார்த்தல்’. நாமோ சோதனை முடிய முன்னமே நல்ல நடத்தை என்று சான்றிதழ் எழுதிவிட்டோம்.

> தோட்டத்துச் சொல்லைச் சட்டப் பாடத்தில் வைத்தால் கௌரவம் குறையாதா?

இதற்கு நான் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத்தான் காட்டுவேன். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்தது. அதிலுள்ள முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்க்கையில் தேடிய சொத்து), சீதனம் எல்லாம் வீட்டுத் திண்ணையில் புழங்கிய சொற்கள். பின்னாளில் ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதிய நீதியரசர்களும் அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்டார்கள். கௌரவம் ஒன்றும் குறையவில்லை.

சொல் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, அதை வைத்து அடுத்த கருத்தைச் சொல்ல முடிகிறதா என்பது. மடைமாற்றுத் திட்டங்கள் மீது ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. திட்டம் என்று ஒன்று வந்தபிறகு, முன்பு ஒரு பேச்சோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பொடியனையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் வலையை அகலமாக்குவது என்பார்கள். ‘வலைவிரிவு’ என்று வைத்திருக்கிறேன். வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒருவன், “கேட்காத பாத்திக்கும் தண்ணி விடுற மாதிரி” என்றான். அத்தோடு நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த தவணைக் குறிப்பில் ‘மடைமாற்று’ போகிறது. ‘தற்றுணிபு’, அதாவது அதிகாரி தானே தீர்மானிக்கும் உரிமை, என்ற பாடத்தை அதற்கு முன்னால் நகர்த்துகிறேன், பாத்தி வாயைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பது அதுதானே.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். அதற்குப் பிறகு போட்டோக்கொப்பிக்குப் போய்விடும்.

– – –

மறு: மறு: ‘டைவர்ஷன்’

பிள்ளை,

நன்னடத்தையை நான் மீளப் பெற்றுக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் முப்பது வருஷம் உரைபெயர்ப்பாளராக நின்றவன், நின்ற நிலையில் சொல் தேடிப் பழகியவன். ஆறுதலாக இருந்து யோசிக்கிற உங்களோடு வாதாட வரவில்லை.

ஒரு திருத்தம் மட்டும். பிள்ளைகள் ‘வழக்கு மடைமாற்றப்பட்டது’ என்று எழுத விடவேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்திலும் தண்ணி தானாக மாறியதில்லை. மாற்றினது பொலிசா, வழக்குத்தொடுநரா, நீதவானா என்று ஆளைப் போட்டு எழுதச் சொல்லுங்கோ. அந்த இடத்தில்தான் பிறகு கேள்வி வரும்.

மற்றது, அந்தப் பிள்ளைக்குப் பாதிப் புள்ளி காணாது. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். முழுதையும் போடுங்கோ.