புதுப்பிப்பு: ஃபிளட்லைட் இப்போது இரவில் மட்டும் எரிகிறது

வெளிப்புற ஃபிளட்லைட்களை இரவில் மட்டும் எரியவைக்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டைமரை விட்டு ஃபோட்டோசெல் (இருட்டினால் விளக்கைப் போட்டு, வெளிச்சம் வந்தால் அணைக்கும் சென்சார்) போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. சூரியன் மறையும் நேரம் மாறினாலும் திருத்த வேண்டியதில்லை.

மெயினை அணைத்துவிட்டு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சென்சாருக்குக் கொடுத்து, சென்சாரின் மூன்றாவது வயரை விளக்குகளுக்கு இழுத்தேன். விளக்குகளின் நியூட்ரல் பழையபடியே.

முதல் ராத்திரியே வேடிக்கை: எரிவதும் அணைவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியது. சென்சார் பழுது என்றே நினைத்தேன். பார்த்தால், வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி சென்சார் மேல் விழுகிறது. அது விடிந்துவிட்டது என்று நம்பி அணைக்கிறது! சுவரின் மறுபக்கம், வானம் பார்த்தபடி மாற்றினேன். அப்புறம் தொல்லையில்லை.

பகலில் சோதிப்பவர்கள் சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டு ஒரு நிமிடமாவது பொறுங்கள். பலவற்றில் உடனே எரியாது.