பந்தயக் குஞ்சுப் புறாக்களை இருட்டில் வைப்பதை எப்போது நிறுத்துவது?

வணக்கம் நண்பர்களே. தாய்ப்புறாவிடமிருந்து பிரித்ததிலிருந்து என் ஹோமர் (பந்தயப் புறா வகை) குஞ்சுகளுக்கு தினமும் 9 மணி நேரம்தான் வெளிச்சம். மீதி நேரம் கூண்டை இருட்டாக்கிவிடுகிறேன். காற்றோட்டத்தை மட்டும் அடைப்பதே இல்லை, அது கெட்டால் மூச்சுக் கோளாறு வந்துவிடும். இப்படி இருட்டில் வைத்ததால் உடம்பு இறகு உதிர்வது நன்றாகத் தள்ளிப்போயிருக்கிறது. இறக்கையின் 10 பெரிய இறகுகள் மட்டும் உள்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன, இப்போது நான்காவது. அது இயல்புதான்.

பந்தயத்துக்கு எத்தனை வாரம் முன்பு இருட்டை நிறுத்துகிறீர்கள்? அப்புறம், பகல் குறையத் தொடங்கியதும் விளக்குப் போட்டு வெளிச்சத்தை நீட்டுவீர்களா? எனக்கு நீட்டுவதே சரி என்று படுகிறது. விட்டுவிட்டால் பந்தயம் நடக்கும்போதே தலை, கழுத்து இறகெல்லாம் மொத்தமாகக் கொட்டிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.