மறு: படத்தைச் செதுக்குவதா, கத்தரிப்பதா? செப்பமிடுவதா, நிமிர்த்துவதா?

குழுவினருக்கு வணக்கம். படத்தின் ஓரங்களை வெட்டி நீக்கும் 'crop', சாய்ந்த படத்தை நேராக்கும் 'straighten' இரண்டுக்கும் நம் கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற விவாதத்துக்கு இது என் பதில்.

நேராக்குவதற்குச் 'செப்பமிடு' என்று முன்மொழிந்த ஐயாவின் மடலை மூன்று தடவை படித்தேன். "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்று குறளே கோட்டத்தையும் (கோணல்) செப்பத்தையும் (நேர்மை) எதிரெதிரே நிறுத்துகிறது. பொருள் கச்சிதம். ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும், "கிழிந்த பழைய போட்டோவைச் சரிபண்ணுவதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சாலையைச் செப்பனிடுகிறார்கள் என்று படித்து வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்?

நேராக்குவதற்கு வந்த இன்னொரு சொல் 'மட்டப்படுத்து'; கொத்தனாரின் ரசமட்டத்தை நினைவூட்டுவது. எனக்கும் பிடித்த சொல்தான். மலையில் அது வழிதவற வைக்கிறது. போன மாதம் ஏற்காடு ஏரியில் எடுத்த படங்களில் பிள்ளைகள் எதிர்க்கரையைப் பிடித்து மட்டமாக்கினார்கள். கரையோ நமக்குக் குறுக்கே ஓடாமல் கோணலாக விலகிப் போகிறது. கேமரா நேராக இருந்தாலும் படத்தில் சரிந்துதான் தெரியும். அதை மட்டமாக்கியதும் கரையிலிருந்த விளக்குக் கம்பம் சாய்ந்துவிட்டது. அப்புறம் கம்பத்தின் உச்சியும் தண்ணீரில் விழுந்த அதன் பிம்பத்தின் உச்சியும் ஒரே செங்குத்தில் வரும்படி திருப்பினோம்; படம் நிமிர்ந்தது. தொடுவானம் தெரியாத ஊரில் நம்பத் தகுந்தது நிற்கும் பொருள்தான். ஆகவே 'நிமிர்த்து' என்பதே என் கட்சி.

(ஏற்காடு 'ஏரிக்காடு' மருவியதா என்று இடையில் ஐந்து மடல்கள் ஓடின. ஏரியில் இடையின ரகரம், ஊர்ப் பெயரில் வல்லின றகரம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.)

இனி crop-க்கு வருவோம். 'கொய்' அழகான சொல், தினைப்புனம் கண்ணில் நிற்கிறது. ஆனால் கொய்தது நம் கைக்கு வரும். இங்கே அரிந்தது குப்பைக்குப் போகும். 'வெட்டு' ஏற்கெனவே வெட்டி ஒட்டுவதற்குப் போய்விட்டது. பெரும்பான்மை கேட்கும் 'செதுக்கு' கல்லுக்கும் மரத்துக்கும் உரியது. செதுக்கினால் உருவமே மாறும். தையற்காரர் கத்தரித்தால் ஓரம் மட்டும்தான் போகும், உள்ளிருப்பது அப்படியே இருக்கும். நாம் படத்துக்குச் செய்வதும் அதுவே.

இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்கிற தம்பிக்கு: நிமிர்த்தினால் கத்தரித்தே ஆகவேண்டும், உண்மை. அகலமும் உயரமும் 3:2 ஆக உள்ள படத்தை 3 டிகிரி திருப்பினால் மூலைகள் காலியாகும். அதே விகிதத்தில் கத்தரித்தால் பரப்பில் ஏறக்குறைய 14 விழுக்காடு போய்விடும். ஆனால் நிமிர்த்தாமலும் கத்தரிக்கிறோமே. இரண்டு சொல் வேண்டும்.

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழு பேர் 'செதுக்கு' என்கிறீர்கள், 'கத்தரி'க்கு என்னோடு மூன்று பேர். சரி, தலைப்பில் 'செதுக்கு' போடுகிறேன்; அடைப்புக்குறிக்குள் 'கத்தரி' கட்டாயம் இருக்கும், அதை மட்டும் விடமாட்டேன்.

இன்னொன்று. கத்தரித்து விலக்கிய ஓரத்துக்குப் பெயர் என்ன? 'நறுக்கு' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஓலை நறுக்கு எழுதி அனுப்புவதற்கு ஆனது, கழிவல்ல என்று ஐயா மறுப்பார். வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.