பழைய தளத்தைப் பொறுப்பேற்றபோது நீங்கள் சந்தித்தவை: அனுபவங்களைப் பகிருங்கள்

வேறொருவர் செய்த தளங்களை ஏற்றுப் பராமரிப்பதுதான் என் வேலையில் பெரும்பங்கு. புது வாடிக்கையாளர் பேச வந்தால் நிறம், லோகோ, முகப்புப் பக்கம் என்றுதான் ஆரம்பிப்பார். நான் முதலில் கேட்பது வேறு: டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? பலருக்கும் தெரியாது. "எல்லாம் தளம் செய்தவரிடம் இருக்கு" என்பார்கள்.

அப்படி ஒருவர் தளம் காணாமல் போன பிறகு வந்தார். நிறுவனத்தின் மின்னஞ்சலும் அதே டொமைனில் ஓடியதால் ஆர்டர், விசாரணை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. தளம் செய்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருந்தார், அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் அவர் திறக்காத பழைய மின்னஞ்சலில் குவிந்து கிடந்தன.

டாட் காம் முகவரி காலாவதியானால் உடனே பறிபோகாது. டொமைனைப் பதிந்து கொடுத்த பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை புதுப்பிக்க இடம் இருக்கலாம். அதற்குள் நீக்கப்பட்டுவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் கூடும். அதுவும் முடிந்தால் 5 நாட்கள் யாராலும் தொட முடியாது, பிறகு எவர் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம். இவருடையது மீட்புக் காலத்தில் இருந்தது.

பழைய வடிவமைப்பாளரைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர், கேட்டதுமே ஒத்துழைத்தார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்படி நடந்தாலே ஏமாற்று என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள், அதில் நாட்கள் வீணாகின்றன. முதலில் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. உரிமையாளர் பெயரை மாற்றியதும் வேறு பதிவு நிறுவனத்துக்கு நகர்த்த 60 நாள் தடை விழலாம். அதனால் அதே நிறுவனத்தில் வாடிக்கையாளர் பெயரில் கணக்கு திறந்து டொமைனை அதற்குள் மாற்றினோம். உங்கள் டொமைன் பற்றிச் சந்தேகம் இருந்தால் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், ஆனால் பதிவு நிறுவனமும் காலாவதித் தேதியும் தெரியும்.

---

பதில்:

என் அனுபவம் டொமைன் கையில் இருந்தும் பட்ட பாடு. தளத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். பார்க்க அழகு, வேகமும் சரி. ஆனால் கூகுள் தேடலில் இருந்து வரும் ஆட்கள் வாராவாரம் குறைந்துகொண்டே போனார்கள். விளம்பரத்தைக் கூட்டலாமா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியைத் திறக்கலாம் என்றால் அந்த அனுமதி அங்கே யாரிடமும் இல்லை. டொமைன் அவர்கள் கையில் இருந்ததால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபித்து உள்ளே போனோம். முதல் கோளாறு உடனே தெரிந்தது. தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு டிக் உண்டு. தளம் உருவாகும்போது போட்டதை வெளியிட்ட பிறகு யாரும் எடுக்கவில்லை. சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவதுதான் பெரிய வேலை. பக்க முகவரிகள் எல்லாம் மாறியிருந்தன, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பல் ஒன்றுகூட இல்லை. பிற தளங்கள் பல காலமாகக் கொடுத்திருந்த இணைப்புகள் அத்தனையும் "பக்கம் இல்லை" என்னும் 404 பிழையில் போய் விழுந்தன. சர்வர் பதிவுகளிலிருந்தும், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்தும் பழைய முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான புதுப் பக்கத்தைக் குறித்தோம். தயவுசெய்து எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளக்கூடும், வந்தவருக்கும் தேடியது கிடைக்காது. இந்தத் திருப்பல்களைக் குறைந்தது 1 வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை. தேடல் வரத்து மெல்ல மெல்லத்தான் திரும்பியது.

---

பதில்:

விளம்பரப் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன் பழைய விளம்பர ஏஜென்சியை விட்டு என்னிடம் வந்தது. விளம்பரங்கள் எல்லாம் ஏஜென்சியின் சொந்தக் கூகுள் ஆட்ஸ் கணக்கில் ஓடியிருந்தன. எந்தத் தேடல் சொல்லுக்கு ஆர்டர் வந்தது, எது காசைத் தின்றது என்ற வரலாறு முழுக்க அங்கேயே தங்கிவிட்டது. கேட்டும் தரவில்லை. காசு கொடுத்துக் கற்ற பாடத்தை மறுபடியும் காசு கொடுத்துக் கற்க வேண்டியதாயிற்று. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

கையில் இருந்த மாதாந்திர அறிக்கைகளில் விசாரணை எண்ணிக்கை அமோகமாக இருந்தது. விற்பனைப் பிரிவிடம் கேட்டால் அத்தனை அழைப்பு வரவே இல்லை என்றார்கள். தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கிடும் அனலிட்டிக்ஸில் பார்த்தபோதுதான் புரிந்தது: தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒரு விசாரணை என்று கணக்கு வைத்திருந்தார்கள். படிவம் அனுப்பப்பட்டதையும் தொலைபேசி எண்ணை அழுத்தியதையும் மட்டும் எண்ணும்படி மாற்றினேன். எண் சட்டென்று இறங்கியது, ஆனால் இப்போது அது விற்பனைப் பிரிவின் கணக்கோடு ஒத்துப்போகிறது.

"முதலிடம் உறுதி" என்று அதே ஏஜென்சி எழுதியும் கொடுத்திருந்தது. அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

இப்போது நான் யாருக்கு வேலை செய்தாலும் கணக்கை அவர்களே திறக்க வேண்டும், பணமும் அவர்கள் அட்டையிலிருந்தே போக வேண்டும். கணக்கின் 10 இலக்க எண்ணை எனக்குத் தந்தால் பலருடைய கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்க நான் வைத்திருக்கும் மேலாளர் கணக்கிலிருந்து அழைப்பு அனுப்புவேன், அவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். என்னை விலக்க நினைத்தால் அவர்களே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளலாம், வரலாறு அவர்களிடமே இருக்கும்.