பெரிய வீடு குழு: ஞாயிறு ராத்திரி, கார்த்தி பார்த்த படம்

கார்த்தி: நேற்று ஒரு பழைய போர்ப் படம் பார்த்தேன். பிராவோ டூ ஜீரோ. 1999-இல் பிபிசி எடுத்தது, ஷான் பீன் நடித்தது. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையிலிருந்து எட்டுப் பேர் இராக்குக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நடந்த கதையாம். ஆனால் பாலைவனத்தில் பனி பெய்கிறது, ஆள் விறைத்தே சாகிறான். கொஞ்சம் ஓவர் இல்லையா?

பெரியப்பா: ஓவர் எல்லாம் இல்லை.

பெரியப்பா: அந்த ஜனவரியில் நான் சவூதியில் சகாகா பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் பல் விளக்கப் போனால் பக்கெட் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ். குவளையால் தட்டி உடைத்துத்தான் மொள்ள வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. டீசல் டேங்குக்குக் கீழே எண்ணெய்த் துணியைக் கொளுத்திச் சூடு காட்டுவோம்.

சித்தி: டேங்குக்குக் கீழே நெருப்பா!! அக்காவுக்கு இது தெரியுமா மாமா?

பெரியப்பா: இன்று வரைக்கும் தெரியாது.

பெரியம்மா: படித்துவிட்டேன்.

மீனா அக்கா: 😂 சரி கார்த்தி, எட்டுப் பேர் அங்கே எதற்குப் போனார்கள்?

கார்த்தி: ஸ்கட் ஏவுகணைதான் காரணம் அக்கா. இராக் அப்போது இஸ்ரேல் மேல் ஸ்கட் விட்டுக்கொண்டிருந்தது. இஸ்ரேல் பதிலுக்கு இறங்கினால், இராக்குக்கு எதிராகக் கூட நிற்கிற அரபு நாடுகள் விலகிவிடுமோ என்று அமெரிக்காவுக்குப் பயம். அதனால் இவர்கள் நெடுஞ்சாலை ஓரம் பதுங்கியிருந்து ஸ்கட் வண்டி போகிறதா என்று பார்க்க வேண்டும். தரைக்கடியில் போகிற தகவல் கேபிளையும் அறுக்க வேண்டும். ஜனவரி 22 ராத்திரி சினூக் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

கார்த்தி: வண்டி எடுத்துப் போங்கள் என்று மேலே இருந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. நடைதான். ஆளுக்குச் சுமார் 95 கிலோ சுமை.

சித்தி: கிட்டத்தட்ட நாலு சிப்பம் அரிசி!

பிரபு அத்தான்: போன மாதம் ஒரு சிப்பத்தை மாடிக்கு ஏற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தவர் யார் என்று இந்தக் குழுவுக்கே தெரியும்.

கார்த்தி: அத்தான், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

பிரபு அத்தான்: ரேடியோ இருந்திருக்குமே, மாட்டிக்கொண்டதும் கூப்பிட வேண்டியதுதானே?

கார்த்தி: கொடுத்தனுப்பிய அலைவரிசையே தப்பு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதிலே வரவில்லை. படத்தில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். துப்பாக்கிச் சண்டை எல்லாப் படத்திலும் இருக்கிறது.

கார்த்தி: அப்புறம் அவர்கள் பதுங்கியிருந்த பள்ளத்துக்கு மேலே ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் வந்து நிற்கிறான். அதோடு எல்லாம் கெட்டது. சிரியா எல்லையைப் பார்த்து ஓட்டம். ராத்திரியில் கூட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூன்று பேர் செத்தார்கள், நான்கு பேர் பிடிபட்டார்கள். ஒருத்தர் மட்டும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் நடந்து சிரியா போய்ச் சேர்ந்தார்.

மீனா அக்கா: அந்த மூன்று பேரும் சுடப்பட்டா?

கார்த்தி: சுடப்பட்டது ஒருத்தர்தான். மற்ற இரண்டு பேரும் குளிரில்.

பெரியப்பா: 🪣

பெரியப்பா: ஆட்டுக்காரன் விஷயமும் நம்பலாம். ஒருதடவை நடு வனாந்தரத்தில் என் லாரி டயர் போய்விட்டது. நாலு பக்கமும் கல்லும் மண்ணும்தான், ஒரு குருவி கூட இல்லை. ஜாக்கி போட்டு நிமிர்கிறேன், பின்னால் ஒரு பையன் நிற்கிறான். எங்கே இருந்து வந்தான் என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்றும் பேசாமல் போனான். கொஞ்ச நேரத்தில் கெட்டிலோடு திரும்பி வந்தான். பின்னாலேயே அவன் அப்பா. ஆள் இல்லாத இடம் என்பதெல்லாம் நாம் நினைத்துக்கொள்வது.

சித்தி: டீ குடித்தீர்களா?

பெரியப்பா: மூன்று கிளாஸ். விடவே இல்லை.

மீனா அக்கா: இப்போதுதான் தேடிப் படித்தேன். குழுத் தலைவர் 1993-இல் புத்தகம் எழுதினார், தப்பி வந்தவர் 1995-இல் எழுதினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. குளிரில் இறந்த ஒருத்தரின் மேல் பழி போட்டுவிட்டார்கள் என்று அவர் வீட்டாருக்கு வருத்தம்.

மீனா அக்கா: மைக்கேல் ஆஷர் என்று ஒருத்தர், அரபி தெரிந்தவர், இராக்குக்கே போய் விசாரித்து 2002-இல் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. சுட்டது பெரிய படை எல்லாம் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான் என்று அந்த வீட்டு ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். பையன் இவர்களைப் பார்க்கவே இல்லையாம். பார்த்தது புல்டோசரில் வந்த ஆள்.

சித்தி: பாவம், ஆடு மேய்த்ததற்கு உலகம் பூராவும் படம் போட்டுக் காட்டிக்கொடுத்தவன் என்று பேர்.

பிரபு அத்தான்: எனக்கு என்னவோ அந்த வீட்டுப் பக்கத்திலிருந்து படம் எடுத்தால் இதைவிட நன்றாக இருக்கும் என்று படுகிறது. வாசலுக்கு எதிரே எட்டுப் பேர் ஒளிந்திருந்தால் நாம் மட்டும் சும்மா இருப்போமா?

கார்த்தி: பெரியப்பா, ஒரு காட்சி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பெரியப்பா: பார்த்தேன். ஏதோ அந்த ஊர் மண் மாதிரி இல்லையே.

கார்த்தி: கெட்டிக்காரர்! படம் எடுத்தது தென்னாப்பிரிக்காவில்.

பெரியப்பா: அதானே.

பெரியம்மா: மண்ணை எல்லாம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். போனை வைத்துவிட்டு உள்ளே வாங்க, அந்த டீசல் டேங்க் கதையை எனக்கும் ஒருதடவை சொல்லுங்கள்.