மறுமொழி: ரிக்ரெஷன் ரேட் – ‘தேய்வேகம்’ எப்படி?

வணக்கம். ஹைபிரிட் ராக்கெட் எஞ்சினில் திட எரிபொருளின் சுவர் எரிய எரியக் குறைகிற வேகத்துக்கு (ஆங்கிலத்தில் ரிக்ரெஷன் ரேட்) தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> பின்னடைவு வீதம் என்றே வைக்கலாமே? புள்ளியியலில் ஏற்கெனவே இருக்கிறதே.

இருக்கிறது, அதுதான் சிக்கலே. பின்னடைவு என்றால் நமக்கு வாக்கு எண்ணிக்கை நாள்தான் ஞாபகம் வரும். ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்து ஹையெண்ட் மாணவர் ராக்கெட் குழு பற்றிய கட்டுரையில் “எரிபொருளின் பின்னடைவு அதிகம்” என்று எழுதினால் ராக்கெட் ஊற்றிக்கொண்டது என்றே படிப்பவர் நினைப்பார். அதுவோ 2023 ஏப்ரலில் சுவீடனின் எஸ்ரேஞ்ச் ஏவுதளத்திலிருந்து 64 கிலோமீட்டர் உயரம் போனது.

சரி, பொருளைப் பார்ப்போம். ஹைபிரிட் எஞ்சினில் எரிபொருள் மெழுகிலோ ரப்பரிலோ செய்த, நடுவில் துளை விட்ட உருளை. எரிய ஆக்சிஜன் தருகிற ஆக்சிஜனேற்றி தனித் தொட்டியில் இருக்கும், மாணவர் குழுக்களிடம் பெரும்பாலும் நைட்ரஸ் ஆக்சைடு. அது துளை வழியே பாய்ந்து எரிய எரிய உள்சுவர் குறைந்துகொண்டே போகும். விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதற்குத்தான் சொல் தேடுகிறோம். சோதனை முடிந்து ஆறிய உருளையில் வெர்னியர் அளவுகோலை வைத்தால், 40 மி.மீ. துளை 10 விநாடியில் 60 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். விட்டம் கூடியது 20, ஆனால் சுவர் குறைந்தது 10தான், ஆக விநாடிக்கு 1 மி.மீ. (பாதியாக்க மறந்து 2 என்று எழுதி நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்.)

> எரிவேகம் போதாதா?

போதாது. அதைத் திட எரிபொருள் மோட்டாருக்கு விட்டுவைக்க வேண்டும். அங்கே ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒன்றாகப் பிசைந்திருக்கும், மேற்பரப்பே எரியும், வேகம் அறையின் அழுத்தத்தைப் பொறுத்தது. இங்கே சுடர் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, ஓடுகிற வாயுவுக்குள் எரிகிறது. அந்தச் சூட்டில் சுவர் ஆவியாகிறது, அவ்வளவுதான். வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது ஆக்சிஜனேற்றியின் பாய்வு. மெழுகில் இன்னொரு கூத்து, உருகிய படலத்திலிருந்து வாயு துளித்துளியாகப் பிய்த்துக்கொண்டு போகிறது, அதனால்தான் எச்டிபிபி என்கிற செயற்கை ரப்பரைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுவர் குறைகிறது. சுவரை விட்டுப் பிரியும்போது இன்னும் எரியவே ஆரம்பிக்காத துளியை எந்த எரிவேகத்தில் சேர்ப்பது?

அதனால் என் பரிந்துரை தேய்வேகம். தேய்பிறை மாதிரி வினைத்தொகை, சின்னச் சொல், தேய்பரப்பு, சராசரித் தேய்வேகம் என்று நீட்டவும் வசதி. தேய்மானம் வேண்டாம், அது கணக்குப்பிள்ளையின் சொல். தேய உராய்வு வேண்டாமா என்று கேட்பீர்கள், நிலாவை யார் உரசினார்கள்?

அப்புறம், நம் கலைச்சொல் அட்டவணையில் கிரெய்னுக்கு (இந்த எரிபொருள் உருளைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்) நேராக ‘தானியம்’ என்று கிடக்கிறது. தயவுசெய்து யாராவது அதை எடுத்துவிடுங்கள். ‘எரிபொருள் உருளை’ என்று நான் எழுதி வருகிறேன், கொஞ்சம் நீளம்தான், சுருக்கமாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.