ரிப்பீட்டருக்கு ‘அஞ்சற்பரப்பி’: ஒரு பரிந்துரையும் அதைச் சார்ந்த சில சொற்களும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அமெச்சூர் வானொலியில் ஒருவர் பேசுவதை உயரமான இடத்தில் வாங்கி, வலுப்படுத்தி, வேறோர் அலைவரிசையில் தொலைவுக்கு விடும் கருவியே ரிப்பீட்டர். நம் குழு தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு மறுபரப்பி, மீள்செலுத்தி, திருப்பி, எதிரொலிப்பி ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மறுபரப்பிக்கே ஆதரவு மிகுந்திருப்பதால், அதையே முடிவாகக் கொண்டு பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் எழுதத் தொடங்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருந்தார். கையேடு விரைவில் வர வேண்டும் என்ற ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் மலையுச்சியில் உள்ள ஒரு ரிப்பீட்டரின் பராமரிப்பில் நெடுநாளாக ஈடுபட்டுவருபவன் என்ற முறையில், மறுபரப்பி என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அக்கருவி செய்யாத வேலை ஒன்றைச் செய்வதாக அந்தச் சொல் சொல்கிறது. கருவியின் தொல்லைகள் அனைத்துக்கும் வேராக உள்ள இயல்பை மறைத்தும் விடுகிறது. அதற்கு மாற்றாக அஞ்சற்பரப்பி என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் மறு என்ற முன்னொட்டைப் பார்ப்போம். மறுபதிப்பு, மறுதேர்வு, மறுகூட்டல், மறுமணம் ஆகிய எல்லாவற்றிலும் முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது வருகிறது. நம் துறைக்கு நெருங்கி வந்தால் இது இன்னும் தெளிவாகும். தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பு என்றால், நேற்றிரவு வந்த தொடரை இன்று பகலில் மீண்டும் காட்டுவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிப்பீட்டர் அப்படிச் செய்வதில்லை. இரண்டு மீட்டர் பட்டையில் நாம் 145.025 மெகாஹெர்ட்ஸில் பேசினால், பேச்சு நம் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே மலையிலிருந்து 145.625 மெகாஹெர்ட்ஸில் கிளம்பிக்கொண்டிருக்கிறது. பேசுவதும் கேட்கப்படுவதும் பரப்பப்படுவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இதற்கு மாறாக, பேச்சைப் பதிவு செய்துகொண்டு, பேசியவர் பொத்தானை விட்ட பிறகு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் எளிய கருவி ஒன்றும் புழக்கத்தில் உண்டு. அதற்கு ஒரே ஒரு வானொலியும் சிறிய பதிவுப் பலகையும் போதும். மறுபரப்பி என்ற பெயர் அதற்கு முற்றிலும் பொருந்தும். அந்தப் பெயரை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வேறு சொல் தேட வேண்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு எண்களே சான்று. பரப்பி, அதாவது அலையை அனுப்பும் பகுதி, 25 வாட் திறனை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அலமாரியில் இருந்து அலையை வாங்கும் ஏற்பியோ, 0.2 மைக்ரோவோல்ட் அளவே வந்து சேரும் குறிகையையும் (சிக்னல்) கேட்டாக வேண்டும். 50 ஓம் மின்தடையில் அந்தக் குறிகையின் திறனைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், மூன்றை அடுத்துப் பதினாறு சுழியங்கள் இடும் அளவுக்கு விகிதம் வருகிறது. இவ்விரண்டும் ஒரே ஆண்டெனாவில் கூடுகின்றன. அவற்றின் அலைவரிசைகளுக்கு நடுவில் இருப்பது 600 கிலோஹெர்ட்ஸ், அதாவது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6 ஏவூர்தியில் அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோளும் கேட்டதை உடனுக்குடன் அனுப்பியதுதான். ஆனால் அது 435 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கேட்டு, 145 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்பியது. அவ்வளவு அகன்ற இடைவெளி இருக்கும்போது பிரிப்பது எளிது. மலையுச்சியில் நமக்கு அந்த வசதி இல்லை.

இந்த உடனிகழ்வைச் சொல்லும் தமிழ்ச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘டெல்லி அஞ்சல்’ என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் இக்குழுவில் பலர் இருப்பீர்கள். தலைநகரில் படிக்கப்பட்ட தமிழ்ச் செய்தியைச் சென்னையும் திருச்சியும் திருநெல்வேலியும் அப்போதே வாங்கித் தத்தம் அலைவரிசையில் விட்டதைத்தான் அறிவிப்பாளர்கள் அஞ்சல் செய்வது என்றார்கள். பதிவு செய்து வேறொரு வேளையில் போட்டால் அது மறு ஒலிபரப்பு. ஆக, நாம் இன்று விவாதிக்கும் வேறுபாட்டை வானொலித் தமிழ் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் குறிப்பிட்ட அஞ்சலோட்டமும் இதற்கு வலுச் சேர்க்கிறது. தமிழகத்தில் தொடர் ஓட்டம் எனப்படுவதை ஈழத்துப் பள்ளிகளில் அஞ்சலோட்டம் என்றே சொல்கிறார்கள். கோல் கைமாறும் இடத்தில் அங்கே ஓட்டம் நிற்பதில்லை.

அஞ்சல் என்றால் தபால்தானே என்ற ஐயத்தை இருவர் எழுப்பியிருக்கிறீர்கள். பரப்பி என்ற இரண்டாம் பகுதி அந்த ஐயத்தைப் போக்கிவிடும் என்பது என் கருத்து. ஆனால் அஞ்சல் நிலையம் என்று ஒருபோதும் சுருக்கக் கூடாது. படிப்பவர் தபால்தலை வாங்கப் போகும் இடத்தையே நினைப்பார். இகர விகுதி சேர்த்து அஞ்சலி எனலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இரங்கலோடு ஒட்டிப்போன சொல் அது. அதை விட்டுவிடுவதே முறை.

இந்தச் சொல்லின் பெரிய வலிமை அதன் வினையாக்கத்தில் இருக்கிறது. ‘என் குரல் அஞ்சலாகிறதா?’, ‘நேற்றிலிருந்து அஞ்சல் இல்லை’ என்று இயல்பாகக் கேட்கலாம், சொல்லலாம். ‘ஏற்பி கேட்கிறது, ஆனால் அஞ்சலாகவில்லை’ என்று மலையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னால், ஆண்டெனாவையும் ஏற்பியையும் விட்டுவிட்டு, கட்டுப்பாட்டுப் பலகையையும் பரப்பியையும் பார்க்கச் சொல்லிவிடலாம். மறுபரப்பியிலிருந்து இப்படியொரு வினையை எடுத்துப் பேச முயன்றால் அது நாவில் நிற்பதில்லை. பாடநூலில் அதிர்வெண் பண்பேற்றம் என்ற முழுப்பெயர் இருந்தும் மக்களிடம் நிலைத்தது பண்பலை என்பதே. அறிவிப்பாளர்கள் நாள்தோறும் அதைச் சொல்லிவந்ததே அதற்குக் காரணம். நம் சொல்லும் நாள்தோறும் அலையில் ஒலிக்கும் சொல்லாக இருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரொலி தாமதித்தும் தேய்ந்தும் வருவது. இந்தக் கருவியோ மெலிந்து வந்த குரலை வலுப்படுத்தி அனுப்புவது. திருப்பி என்பது வாக்கியத்துக்குள் வினையெச்சமாகப் படிக்கப்பட்டுக் குழப்பும். மீள்செலுத்திக்கு மறுபரப்பியின் குறையே உண்டு. ஆனால் ஈழத்தில் பரப்பி, ஏற்பி ஆகியவற்றுக்குப் பதிலாகச் செலுத்தி, வாங்கி என்று எழுதுவோர் இருப்பதால், அஞ்சற்செலுத்தி என்பதை இணைவடிவமாகத் தருவதில் எனக்குத் தடையில்லை.

அடுத்து, நான் மிகவும் அக்கறை கொண்டுள்ள ஒரு சொல்லுக்கு வருகிறேன். டிசென்ஸ் என்பதற்குப் பட்டியலில் உணர்திறன் இழப்பு என்று உள்ளது. அது பிழையன்று, ஆனால் போதாது. இடி இறங்கி ஏற்பியின் முன்பெருக்கி கருகிப்போனால் அதுவும் உணர்திறன் இழப்புத்தான். அந்த ஏற்பிக்குப் பகலிரவு எந்நேரமும் கேட்காது. டிசென்ஸ் வேறு வகை. பரப்பி ஓய்ந்திருக்கும்போது நன்றாகக் கேட்கும் ஏற்பி, தன் பரப்பியே எழும் (அலை விடத் தொடங்கும்) நேரத்தில் மட்டும் மங்கிவிடுகிறது. எனவே ஏற்புமங்கல் என்று எழுதலாம் என்கிறேன். மங்கியது பிறகு தெளியும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது.

ஏற்புமங்கல் உள்ள நிலையத்தைக் காதாலேயே அடையாளம் காணலாம். பள்ளத்தாக்கின் கோடியிலிருந்து ஒருவர் கையடக்கக் கருவியில் பேசுகிறார். ஏற்பி அவரைக் கேட்டதும் பரப்பி எழுகிறது, எழுந்த அதே கணத்தில் ஏற்பி மங்கி அவர் குரல் இரைச்சலில் மூழ்குகிறது, ஏற்பியின் ஒலி அடைபடுகிறது. சில நொடிகள் வெற்று அலையை விட்டுவிட்டுப் பரப்பி ஓய்கிறது. ஓய்ந்ததும் ஏற்பி தெளிகிறது, அவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறது, மறுபடியும் பரப்பி எழுகிறது. பேசுபவருக்கு இது எதுவும் தெரியாது. கேட்பவர்களுக்கோ ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் ஓரிரு அசைகளே கிடைக்கும். வெள்ளத்தில் சிக்கியவரின் இடத்தைச் சொல்லும் வாக்கியம் அப்படித் துண்டுபட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால், இக்குறைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது ஏன் என்பது புரியும்.

காரணம் கண்டுபிடிக்கும் முறையையும் கையேட்டில் இச்சொல்லின் கீழேயே தர வேண்டும். ஏற்பிக்கு மெலிந்த குறிகை ஒன்றைத் தொடர்ந்து ஊட்டிக்கொண்டு, பரப்பியைக் கையால் ஏற்றி இறக்கி, இரைச்சல் கூடுகிறதா என்று கேட்க வேண்டும். முதலில் ஆண்டெனாவுக்குச் செல்லும் வடத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், அலையை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றிவிடும் டம்மி லோட் ஒன்றைப் பொருத்திச் சோதிக்க வேண்டும் (இதற்கு நல்ல சொல் அமையும்வரை இப்படியே எழுதலாம்). அப்போதும் இரைச்சல் எழுந்தால் குறை அறைக்குள் இருக்கிறது. டம்மி லோடில் அமைதியாக இருந்து, ஆண்டெனாவை இணைத்ததும் எழுந்தால், குறை வெளியே வடத்திலோ இணைப்பியிலோ கோபுரத்திலோ இருக்கிறது. மழைக்காலம் முடிந்த பிறகு ஆண்டெனா அடியிலுள்ள இணைப்பியைத் திருகிப் பார்த்தால், நீர் புகுந்து நடு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். களிம்பும் துருவும் ஏறிய இணைப்பு, பரப்பியின் வலிய அலை தன் வழியே செல்லும்போது நேர்சீரான கடத்தியாக இல்லாமல் டயோடு போல நடந்து புதிய இரைச்சலைப் பிறப்பிக்கிறது. கோபுரத்தில் துருப்பிடித்த போல்ட் ஒன்றே இதற்குப் போதும். வடத்திலும் கவனம் வேண்டும். அலுமினியத் தாளும் வெள்ளீயம் பூசிய பின்னலும் ஒன்றோடொன்று உரசும் வகை வடங்கள், ஒருவழியில் மட்டும் பயன்படும்போது சிறப்பாக இருந்தாலும், கேட்பதும் பேசுவதும் ஒன்றாக நடக்கும் இடத்தில் இரைச்சல் தரக்கூடியவை. வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் வடமோ, முழுச்செம்பு உறையிட்ட வடமோ விலை கூடினாலும் தகும்.

ஒரே ஆண்டெனாவில் பரப்பவும் ஏற்கவும் வழிசெய்யும் டூப்ளெக்சருக்கு ஈரலைப் பிரிப்பி என்ற பரிந்துரையைக் கண்டேன். பொருள் சரி, ஆனால் ஈரலை என்பதைப் படிக்கும் கண் உடலுறுப்பை இரண்டாம் வேற்றுமையில் படித்துவிடும். தவிர, இரண்டு வெவ்வேறு பட்டைகளைப் பிரிக்கும் டிப்ளெக்சருக்கும் அது பொருந்திவிடுவதால் இரண்டும் கலந்துபோகும். பரப்பலையும் ஏற்பையும் பிரிப்பது என்று நேராகச் சொல்லும்படி பரப்பேற்புப் பிரிப்பி என்று வைக்கலாம்; மலையில் வேலை செய்யும்போது பிரிப்பி என்றாலே விளங்கும். அதன் உள்ளுறுப்பாக, குறிப்பிட்ட அலைவரிசைக்கு ஒத்ததிரும் உலோகக் குழல்களான கேவிட்டிகளை ஒத்ததிர்கலம் எனலாம், சுருக்கமாகக் கலம். இரண்டு மீட்டர் பட்டைக்கு அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள கலங்கள், பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்றாக நிற்கும். பரப்பிப் பக்கத்துக் கலங்கள் பரப்பியின் அலையோடு கூடவரும் இரைச்சலை ஏற்பு அலைவரிசையில் வெட்டுகின்றன. ஏற்பிப் பக்கத்துக் கலங்கள் பரப்பியின் வலிய அலையையே வெட்டுகின்றன. இந்த இரண்டு வேலைகளும் வெவ்வேறானவை என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு பக்கத்தில் எழும் குறையை மறுபக்கத்தில் எவ்வளவு திருகினாலும் தீர்க்க முடியாது. 80 டெசிபல் தடுப்பு என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கே கசிகிறது என்று பொருள். அதற்கு விலையும் உண்டு. 1.5 டெசிபல் இழப்புள்ள பிரிப்பியில் 25 வாட் நுழைந்தால் ஏறத்தாழ 18 வாட்தான் ஆண்டெனாவுக்குப் போகும். கலத்தின் நடுத்தண்டுகளை இன்வார் என்ற நிக்கல் இரும்புக் கலவையால் செய்வது, வெயிலிலும் பனியிலும் நீளம் மாறி அலைவரிசை நகராமல் இருப்பதற்காக. சரியான அளவுக் கருவி கையில் இல்லாதவர்கள் அந்தத் தண்டுகளைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

குறிகை மறைந்த பிறகும் பரப்பி எழுந்து நிற்கும் சில நொடிகளுக்குத் தொங்கல் நேரம் என்று பட்டியலில் இருக்கிறது. நம் இசையில் ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவதற்குக் கார்வை என்ற சொல் இருக்கும்போது இது தேவையில்லை. கார்வை நேரம் என்றே வைக்கலாம். குறிகை இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்கெல்ச்சுக்கு இரைச்சலடக்கி நன்றாக இருக்கிறது. கேட்கும் அலைவரிசைக்கும் பரப்பும் அலைவரிசைக்கும் உள்ள வேறுபாடான ஷிஃப்ட் என்பதற்கு விலக்கம் வேண்டாம், பண்பேற்றத்தில் அதிர்வெண் விலகல் என்ற சொல்லோடு மோதும், அலையிடைவெளி போதும்.

67 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸ் வரை வகுக்கப்பட்டுள்ள, பேச்சுக்கு அடியில் காதில் விழாமல் செல்லும் தொனிகளுக்குத் திறவொலி என்பதைப் பரிந்துரைக்கிறேன். உரிய திறவொலி இல்லாத குறிகைக்கு அஞ்சற்பரப்பி எழாது. ஆனால் இந்தத் தொனி குறுக்கீட்டை நீக்குவதில்லை, அக்குறுக்கீட்டால் பரப்பி எழுவதை மட்டுமே தடுக்கிறது. திறவொலி என்ற சொல் இந்த வரம்பைச் சரியாகக் காட்டுகிறதா, அல்லது பூட்டும் பொருளும் அதில் வர வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு உறுதி இல்லை. இதில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் கையேட்டின் முதல் இயல் அச்சுக்குப் போகும் முன் எழுதினால், பட்டியலில் சேர்த்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுகிறேன்.